‘பொதுவெளி அறிவர்’: கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தில் ‘public intellectual’ எனப்படுபவருக்கு, அதாவது கற்றதைப் பொதுமக்கள் முன் எடுத்துப் பேசுபவருக்கு, நாம் தேடிவரும் தமிழ்ச்சொல்லாகப் ‘பொதுவெளி அறிவர்’ என்பதை முன்மொழிகிறேன். முதலில், குழுமத்தில் எழுந்த ஒரு கேள்வி:

> ‘பொது அறிவாளர்’ என்றே வைத்துக்கொண்டால் என்ன? எல்லோருக்கும் புரிகிறதே.

ஐயா, புரியத்தான் செய்கிறது, ஆனால் வேறொன்றாகப் புரிகிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் ‘பொது அறிவு’ என்பது ஒரு வினாத்தாள். ‘பொது அறிவாளர்’ என்றதும் நாடுகளின் தலைநகரங்களை ஒப்பிப்பவர்தான் அவர்கள் நினைவுக்கு வருவார். ‘அறிவுஜீவி’ மேடைகளில் ஏச்சுச் சொல்லாகவே தேய்ந்துவிட்டது. ‘சான்றோர்’, ‘பேரறிஞர்’ இரண்டும் பிறர் சூட்டும் பெருமைகள். நமக்கு வேண்டியது ஒரு பணியைக் குறிக்கும் சொல்.

1898-இல், நாட்டைக் காட்டிக்கொடுத்ததாகப் பொய்க்குற்றம் சுமத்தப்பட்ட படை அதிகாரி டிரேஃபஸின் வழக்கில் எழுத்தாளர் எமிலி ஸோலா பிரெஞ்சுக் குடியரசுத் தலைவருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியபோது, அதை முதல் பக்கத்தில் வெளியிட ஒரு நாளிதழ் முன்வந்தது. பத்திரிகை ஆசிரியரோ மேடை அமைப்பாளரோ இடம் கொடுத்தால்தான் பேச முடியும் என்ற அந்த நிலையை இணையம் மாற்றிவிட்டது. அதைவிடப் பெரிய மாற்றம், கேட்பவருக்கும் அதே இடம் கிடைத்திருப்பது. கல்லணை திறந்த மறுநாள் டெல்டா பாசனத்தைப் பற்றி ஒருவர் யூடியூபில் விரிவாகப் பேசினால், அதற்குக் கீழேயே கடைமடை விவசாயி ஒருவர் தம் ஊர் வாய்க்கால் வறண்டு கிடக்கும் படத்தைப் போட்டு, ‘இங்கே இன்னும் தண்ணீர் வரவில்லை’ என்று எழுதிவிடுகிறார். பேசியவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அந்த மௌனமும் எல்லோர் கண்ணிலும் படுகிறது.

இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயாவை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்து, வேளாண்மை படித்து, அரசு ஆய்வுப் பண்ணை வேலையை விட்டு வெளியேறிய அவர், 2013-இல் மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிவந்த காலத்திலேயே பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேனை எடுக்க வேண்டுமானால் முதலில் நிலத்தடி நீரை வெளியேற்ற வேண்டும் என்பதை உழவர்களின் மொழியில் எடுத்துச் சொல்ல, அப்படி ஒருவர் நேரில் வந்து நிற்க வேண்டியிருந்தது. 2017-இல் நெடுவாசல் மக்கள் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து அமர்ந்தபோதோ அவர்கள் பேச்சு கைப்பேசிகள் வழியே அன்றன்றே தமிழகமெங்கும் பரவியது. விளக்கிச் சொல்லும் பணி அப்போது ஒருவரிடம் மட்டும் இருக்கவில்லை. அதே வழியில் அரைகுறைச் செய்திகளும் பரவின என்பதால், துறை தெரிந்து சரிபார்த்துச் சொல்பவரின் தேவை கூடியதே தவிரக் குறையவில்லை.

இதனால்தான் ‘அறிவர்’ என்ற பழஞ்சொல்லை எடுக்கலாம் என்கிறேன். தொல்காப்பியக் கற்பியலில் நல்லவை உரைத்தலும் அல்லவை கடிதலும் தலைவியை வளர்த்த செவிலிக்கு உரியவை என்று கூறி, அவை அறிவர்க்கும் உரியவை என்று சேர்த்து, ‘இடித்துவரை நிறுத்த’லையும், அதாவது கண்டித்து வரம்புக்குள் நிறுத்துவதையும், அவர்களுக்கே தருகிறார் ஆசிரியர். கற்றிருந்தால் மட்டும் போதாது, கண்டித்துச் சொல்லவும் வேண்டும் என்னும் கடமை இச்சொல்லில் ஏற்கெனவே இருக்கிறது. தலைவனும் தலைவியும் அறிவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்பவர்கள் என்பதே அங்கே சொல்லப்படும் காரணம். இன்றைய கேட்பவர் அப்படிக் கட்டுப்பட்டவர் அல்லர். அந்த வேறுபாட்டைக் காட்டத்தான் ‘பொதுவெளி’ என்ற அடைமொழி முன்னே வேண்டும்.

‘பொதுவெளிச் சிந்தனையாளர்’ என்று நம் குழும அம்மா ஒருவர் சென்ற மடலில் தந்தது நல்ல ஆக்கமே. ஆயினும் சிந்தனையை அறைக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம். ‘கருத்தாளர்’ என்பதோ எதைப் பற்றியும் எதையும் சொல்பவருக்கு ஏற்கெனவே வழங்கத் தொடங்கிவிட்டது.

அகராதிக்கு என் வரைவு: பொதுவெளி அறிவர் (பெ.) – ஒரு துறையில் ஆழ்ந்த பயிற்சியுடன், பொது நலன் சார்ந்தவற்றைப் பொதுமக்களுக்கு அவர்கள் மொழியில் எடுத்துரைத்து, அவர்களுடைய மறுப்புக்கும் விடையளிப்பவர். ‘பயிற்சி’ என்ற இடத்தில் ‘பட்டறிவு’ என்பதையும் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் அந்தக் கடைமடை விவசாயி இவ்வரையறைக்கு வெளியே நின்றுவிடுவார். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து