ஹாட் ஸ்பிரிங்ஸ் தேசியப் பூங்கா: மனத்தை விட்டு அகலாத ஓர் அனுபவம்

நெடும்பயணி:

அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸுக்குப் போய் வந்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள் என்பதால், ஊரைப் பற்றி நான் விளக்கப் போவதில்லை. டாலஸிலிருந்து இரவு முழுவதும் காரோட்டி, ஜனவரி மாதத்து விடியற்காலையில் அங்கே போய் நின்றேன். தேசியப் பூங்கா என்ற பெயரை நம்பி, பாறை இடுக்குகளில் வெந்நீர் கொப்பளிப்பதைப் பார்க்கப் போனவனுக்கு, சென்ட்ரல் அவென்யூவில் வரிசையாக நிற்கும் எட்டுக் குளியல் மாளிகைகளும், அவற்றின் பின்னால் மலைச்சரிவில் பூட்டுப் போட்ட பச்சைப் பெட்டிகளுமே காணக் கிடைத்தன. 47 ஊற்றுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் மூடிக்குள் இருக்கின்றன.

ஏமாற்றத்தோடு ஒரு பெட்டியின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தேன். சுற்றிலும் புல்லில் உறைபனி படிந்திருக்க, அந்த மூடி மட்டும் காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைப் போலச் சுட்டது. விளிம்பில் நூலிழையாக ஆவி வந்துகொண்டிருந்தது. குனிந்து காது கொடுத்தால் உள்ளே நீர் ஓடும் ஓசை கேட்டது. இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அன்று எங்கே சாப்பிட்டேன் என்பதுகூட நினைவில்லை, அந்தச் சூடு மட்டும் கையில் இருக்கிறது. பார்க்க விடாமல் பூட்டி வைத்ததை இயற்கை ஊற்று என்று எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. உங்களுக்கு அங்கே என்ன நேர்ந்தது?

கறிவேப்பிலை:

எனக்கு நேர்ந்தது பூங்கா அலுவலகத்தின் எதிரே உள்ள தண்ணீர்க் குழாயடியில். ஊர்க்காரர்கள் கேன் கேனாக இலவசமாகப் பிடித்துப் போவார்களே, அந்த இடம்தான். எனக்கு முன்னால் ஒரு பெரியவர், பிக்கப் வண்டியின் பின்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பதினைந்து கேன்களாவது இருக்கும், ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டிருந்தார். நான் ஒரே ஒரு பாட்டிலோடு நிற்பதைப் பார்த்து, கையால் சைகை காட்டி வழிவிட்டார். கடையில் வாங்கிய மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலை நீட்டினேன். பாதி நிறைவதற்குள் அது என் கையிலேயே நெளிந்து, இடுப்பு ஒடுங்கி, சாய்ந்துவிட்டது. விரல் பொசுங்கியதில் கீழே போட்டுவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. வண்டியிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து வந்தார்; வெள்ளரிக்காய் ஊறுகாய் லேபிள் பாதி கிழிந்து ஒட்டியிருந்தது. முதலில் கொஞ்சம் ஊற்றிச் சுழற்றி, ஜாடியைச் சூடேற்றிய பிறகு நிரப்பிக் கொடுத்தார். தம் மனைவி இந்தத் தண்ணீரில் போட்ட காப்பியைத் தவிர வேறெதையும் குடிப்பதில்லை என்று மட்டும் சொன்னார். கந்தக வாடை அடிக்கும் என்று எண்ணி மூச்சை அடக்கிக்கொண்டு குடித்தேன். வாடையே இல்லை, நம் வீட்டில் ஆற வைத்த வெந்நீரைப் போலவே இருந்தது. காரில் முறுக்குப் பொட்டலம் இருந்தது நினைவுக்கு வந்து, எடுத்து வருவதற்குள் அவர் கிளம்பிப் போய்விட்டார். அந்த ஜாடியில்தான் இப்போது புளி வைத்திருக்கிறேன்.

ஈரத்துண்டு:

ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவை, பழைய முறைப்படி குளிப்பாட்டும் பக்ஸ்டாஃப் இல்லத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். 1912இலிருந்து இடைவிடாமல் நடக்கிறது என்றதும் அவருக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. உடைகளைக் களைந்துவிட்டு வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொள்ள வேண்டும் என்றபோது அந்த மதிப்பு போய்விட்டது. எழுபத்தொரு வயதில் இதெல்லாம் தேவையா என்று என்னைத் தமிழில் திட்டித் தீர்த்தார். பணியாளர் அம்மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தவராக, துணியைத் தாமே விரித்துப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

என் மனத்தில் நிற்பது அதற்குப் பிறகு நடந்ததுதான். தொட்டியின் விளிம்பு உயரம். மூட்டு வலியால் அப்பாவால் காலைத் தூக்க முடியவில்லை. அந்தப் பணியாளர், அவருக்கும் அறுபதுக்கு மேல் இருக்கும், ஈரத் தரையில் முழந்தாளிட்டு, அப்பாவின் பாதத்தை இரு கைகளாலும் ஏந்தி விளிம்பைத் தாண்டி நீரில் வைத்தார். பிறகு பீர்க்கங்கூட்டால் முதுகையும் காலையும் தேய்த்துவிட்டார். அடுத்து ஆவிப் பெட்டி, சுடுதுணி ஒத்தடம் எல்லாம் முடிந்து வெளியே வந்த அப்பா, மூட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், அவருக்கு எவ்வளவு கொடுத்தாய் என்றுதான் முதலில் கேட்டார். டிப்ஸ் கொடுப்பது அங்கே வழக்கம் என்பது எனக்குத் தெரியும். என்னிடம் கார்டு மட்டுமே இருந்தது. கொடுத்துவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

பழைய பொறியாளர்:

முதலில் எழுதிய நண்பர், நெடும்பயணி, ஏமாற்றம் என்று எழுதியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. என் அனுபவம் சிறியது: ஆர்லிங்டன் புல்வெளியில் வெந்நீர் அருவியாக வழிந்து சேரும் குட்டையில் என் மகன் கையை விட்டு அலறினான், அவ்வளவுதான். அந்த நீரின் வெப்பம் சராசரியாக 143 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 62 டிகிரி செல்சியஸ் என்பதை முன்பே படித்திருந்தும் அவனிடம் சொல்லாமல் விட்டது என் தவறு. நீர் திறந்த வெளியில் வருவதைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த அருவியும், மாரிஸ் மாளிகையின் பின்னால் உள்ள ஊற்றும் இருக்கின்றன; நெடும்பயணி இருநூறு அடி தள்ளி நடந்திருக்கலாம்.

பெட்டிகள் ஏன் என்பதற்கு வருகிறேன். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 7 லட்சம் கேலன் வரும் இந்த நீர், சுமார் 4,400 ஆண்டுகளுக்கு முன்பு மழையாகப் பெய்தது. பாறைப் பிளவுகளில் மெல்ல மெல்ல இறங்கி, 6,000 அடிக்கும் கீழே பூமியின் உள்வெப்பத்தால் சூடாகி, பிறகு ஒரு பிளவு வழியாக ஆறுவதற்குள் விரைந்து மேலே வந்துவிடுகிறது. எரிமலைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. கந்தக வாடை இல்லை என்று சகோதரி கறிவேப்பிலை எழுதியதை இதோடு சேர்த்துப் படிக்கவும். இவ்வளவு காலம் பயணம் செய்து வந்த நீரில் மேற்பரப்பின் அழுக்கு கலக்காதிருக்கவே மூடி. 1832இலேயே, முதல் தேசியப் பூங்காவான யெல்லோஸ்டோனுக்கு 40 ஆண்டுகள் முன்பாகவே, அரசு இந்த ஊற்றுகளை ஒதுக்கி வைத்ததும் தண்ணீரைக் காப்பதற்குத்தான், காட்சிக்காக அல்ல. தேசியப் பூங்கா என்ற பெயர் 1921இல்தான் வந்தது.

இனிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். திறந்த வெளி ஊற்றில் இறங்கிக் குளிக்க அனுமதி இல்லை. நீச்சலுடையோடு குடும்பமாகக் குளத்தில் அமர விரும்பினால் குவாபா இல்லம், தனித் தொட்டியும் பணிவிடையும் வேண்டுமென்றால் பக்ஸ்டாஃப். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களும் கருவுற்றிருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொட்டியில் இறங்கக் கூடாது. சாப்பிட்டவுடன் குளிக்க வேண்டாம். மெல்லிய பாட்டில் உதவாது என்பதைச் சகோதரி சொல்லிவிட்டார். கெட்டியான கேன் எடுத்துச் செல்லவும், சூடு ஆறும் வரை மூடியை இறுக்க வேண்டாம், ஆறும்போது கேன் உள்வாங்கும். நல்ல பிடிப்புள்ள காலணி அவசியம். காரைத் தொலைவில் நிறுத்திவிட்டு நடப்பது உத்தமம்.

மாலைநேரம்:

ஈரத்துண்டு எழுதியதைப் படித்ததும் ஃபோர்டைஸ் அருங்காட்சியகத்தில் கண்டதைச் சொல்லத் தோன்றுகிறது. 1915இல் திறந்து 1962இல் மூடிய குளியல் மாளிகைதான் இப்போது பூங்காவின் பார்வையாளர் மையம். ஆண்கள் கூடத்துக்கு மேலே வண்ணக் கண்ணாடி விதானமும் கீழே சிலையும் நீரூற்றும் உண்டு. பெண்கள் பகுதி சிறியது, அந்த அலங்காரம் ஒன்றும் இல்லை. அதைப் பார்த்துக் கோபப்பட்டுக்கொண்டே மேலும் கீழும் சுற்றினேன். பிறகு வேறொன்று கண்ணில் பட்டது.

அந்தக் காலத்துப் பணியாளர்களின் படம் அது. எல்லோரும் கறுப்பினத்தவர். பால்வினை நோயாளிகளின் உடலில் பாதரசக் களிம்பு தேய்ப்பதுகூட அவர்கள் கைவேலையாக இருந்திருக்கிறது. ஆனால் 1960கள் வரை இந்த வரிசை மாளிகைகளில் அவர்களுக்குக் குளியல் கிடையாது. மால்வெர்ன் அவென்யூவில் தனியாக இருந்த இல்லங்களுக்குப் போக வேண்டும். என் அருகில் நின்ற முதிய கறுப்பினப் பெண்மணி, தம் தாத்தா இந்தத் தெருவில் முப்பது ஆண்டுகள் மற்றவர்களைக் குளிப்பாட்டியவர் என்று, என்னிடம் சொல்கிறாரா படத்திடம் சொல்கிறாரா என்று தெரியாதபடி மெதுவாகச் சொன்னார். அங்கிருந்த வெண்பீங்கான் தொட்டி ஒன்றின் விளிம்பை விரல்நுனியால் இரண்டு முறை தொட்டார். தொடக் கூடாது என்ற பலகை அருகிலேயே இருந்தது. காவலர் பார்த்தும் பேசாமல் இருந்தார்.

ஆகவே ஈரத்துண்டு அவர்களே, கார்டு மட்டும் இருந்தது என்பதைக் காரணமாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை. சில கட்டடங்கள் தள்ளிப் போனால் பணம் எடுக்கும் இயந்திரம் இருக்கும்.

ஈரத்துண்டு:

உண்மைதான். அப்பா காரில் ஏறிவிட்டார், அவர் எதிரில் திரும்பிப் போனால் பொய் வெளிப்பட்டுவிடும் என்று பயந்தேன். போன வாரம்கூடத் தொலைபேசியில், அந்த மனிதர் நன்றாக இருக்கிறாரா என்று கேட்டார்.

நெடும்பயணி:

பழைய பொறியாளர் ஐயாவுக்கு நன்றி. மூடி ஏன் என்பது இப்போது விளங்கிவிட்டது. நான் மூடியின் சூட்டைத்தான் எழுதினேன், காரணம் கேட்டது கடைசி வரியில் மட்டும். 4,400 ஆண்டுகள் என்பதைப் படித்த பிறகு அந்தச் சூடு கையில் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கிறது. பிப்ரவரியில் மறுபடி போகிறேன்; மாரிஸின் பின்பக்கமும் பார்த்துவிடுகிறேன். கறிவேப்பிலை, அந்தப் பெரியவர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வந்தார் என்று நினைவிருந்தால் எழுதுங்கள். முறுக்கை நான் கொண்டு போய்க் கொடுக்கிறேன்.

கறிவேப்பிலை:

சனிக்கிழமை, காலை ஏழரை மணி இருக்கும். வண்டி சிவப்பு நிறம், பின்கதவில் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். கைமுறுக்காக இருந்தால் நல்லது.