செங்கோட்டைக் குடும்பக் குழு: அழைப்பிதழின் எழுத்து

பெரிய மாமா (இரவு 8.12): அச்சகத்து மாதிரியைப் பார்த்தேன். அழைப்பிதழ் முழுவதையும் கையால் எழுதியது போன்ற எழுத்துருவில் அமைத்திருக்கிறார்கள். மணமக்களின் பெயர்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கின்றன. ஆனால் முகூர்த்த நேரத்தை வாசிக்க நான் விளக்கடிக்குப் போக வேண்டியிருந்தது.

தென்காசி சித்தி (8.15): எங்கள் புதுமனை புகுவிழா அழைப்பிதழிலும் இதே தொல்லைதான். கதவு எண் 17-இல் ஒன்றும் ஏழும் ஒன்றுபோலவே இருந்ததால், வந்தவர்களில் பலர் 11-ஆம் எண் வீட்டு வாசலில் போய் நின்றார்கள்.

நான் (8.24): மாமா, இந்த எழுத்துருவைப் பெயர்களோடு நிறுத்திக்கொள்வோம். நாள், நேரம், மண்டப முகவரி ஆகியவற்றைச் சாதாரண அச்செழுத்தில் போடச் சொல்கிறேன். சிறிய அளவில் அச்சிட்டால் மெல்லிய கோடுகள் மறைந்துவிடும். துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடே தெரியாது. ரோஜர் எக்ஸ்கோஃபான் தம் கையெழுத்தை அடிப்படையாக வைத்து 1953-இல் உருவாக்கிய மிஸ்ட்ரல் போன்ற ஆங்கில எழுத்துருக்களில் எழுத்துகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஓடும். தமிழில் அவை தனித்தனியே நிற்பதால், சாய்விலும் சுழியின் விரிவிலும் கோட்டின் முடிவிலும்தான் கையின் சாயலைக் காட்ட முடியும். தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவாணர் எழுத்துருவில் அந்தச் சாய்வு எனக்கு மிகவும் பிடிக்கும்.

புனலூர் அத்தை (8.31): மாப்பிள்ளை வீட்டார் மலையாளப் பக்கத்துக்குச் 'சிலங்க' எழுத்துருவைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டும் பொருந்துமா?

நான் (8.36): சிலங்க நிமிர்ந்து நிற்கும், அத்தை, ஒரே தடிமனுள்ள பேனாவால் நிதானமாக எழுதியது போல இருக்கும். அதன் அருகே சாய்ந்த தமிழை வைத்தால் இரு வீட்டாரும் வேறு வேறு பக்கம் பார்ப்பதுபோல் தோன்றும். நிமிர்ந்த தமிழ் எழுத்தே பொருந்தும்.

பெரிய மாமா (8.41): எனக்கு ஓர் எண்ணம். பெயர்களை அம்மாவையே எழுதச் சொன்னால் என்ன? பேத்தியின் பெயரில் வரும் 'லை'யை இன்றும் பழைய முறைப்படி, யானைத் துதிக்கை போன்ற வளைவு போட்டுத்தான் எழுதுகிறாள்.

நான் (8.45): மாமா, அதைவிடச் சிறந்தது வேறில்லை! 1978-இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது விடைபெற்ற அந்தத் துதிக்கை, இன்று நம் கணினியில் இருக்கும் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் இல்லை. எழுத்துருவில் ஒரு பெயரில் ஓர் எழுத்து இருமுறை வந்தால் இரண்டும் அச்சு மாறாமல் ஒன்றாகவே இருக்கும். ஆச்சியின் கையில் ஒருமுறை எழுதியது மறுமுறை அப்படியே வராது. ஸ்கேன் செய்து மேலே வைத்துவிடலாம்.

புனலூர் அத்தை (8.49): எங்கள் கொல்லத்தில் 1578-இல் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூலின் எழுத்துகளும் கையெழுத்தைப் பார்த்து வார்த்தவைதாமே. அம்மா எழுதட்டும், மலையாளத்தில் மாப்பிள்ளையின் பாட்டியை எழுதச் சொல்லி நான் கேட்கிறேன்.

பெரிய மாமா (8.53): அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கை நடுங்குமே என்று தயங்குகிறாள்.

நான் (8.55): நடுக்கம் இருந்தால் இருக்கட்டும், மாமா; அதை நான் திருத்தப் போவதில்லை. கோடு போடாத வெள்ளைத்தாளில், கறுப்பு மையில், சற்றுப் பெரிதாக ஐந்தாறு முறை எழுதச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.