கல்யாணத்தில் வானத்தை நோக்கிச் சுடுவது தப்பா?

தேக்கா ரவி:
போன மாதம் உடன் வேலை செய்பவரின் கல்யாணத்துக்கு உத்தரப் பிரதேசம் போயிருந்தேன். மாப்பிள்ளை ஊர்வலத்தில் அவருடைய பெரியப்பா கைத்துப்பாக்கியால் வானத்தை நோக்கி நான்கு முறை சுட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது அவர்கள் வழக்கம். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு நாம் குறை சொல்லக் கூடாது. படம் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

யீஷூன் மாலதி:
பார்த்தேன் அண்ணே. பெரியவரின் கை நேராக மேலே இல்லை, பந்தல் பக்கம் சாய்ந்திருக்கிறது. பின்னால் ஒரு குழந்தை அப்பா தோளில் உட்கார்ந்திருக்கிறது. நான்கு குண்டும் எங்கே போய் விழுந்தன என்று யாராவது தேடினீர்களா?

தேக்கா ரவி:
மேலே போனது காற்றில் வேகம் இழந்துதானே திரும்பும்? தேசிய தின அணிவகுப்பில் 21 குண்டு முழங்குகிறதே, அதற்கு என்ன சொல்வீர்கள்?

யீஷூன் மாலதி:
அது வெற்று வெடி, குண்டே கிடையாது. செங்குத்தாகச் சுட்டால் வேகம் குறையும், சரி. அப்படியும் ரைஃபிள் குண்டு வினாடிக்குச் சுமார் 90 மீட்டர் வேகத்தில் இறங்கும். தோலைத் துளைக்க ஏறக்குறைய 60 போதும். சாய்வாகச் சுட்டால் இன்னும் மோசம்: சுழற்சி குறையாமல் வளைந்து, அதைவிட வேகமாக வரும். 1999இல் அமெரிக்காவின் அரிசோனாவில் 14 வயதுப் பெண் வீட்டுக்குப் பின்னால் நின்றிருந்தாள். யாரோ எங்கிருந்தோ மேலே சுட்ட குண்டு தலையில் விழுந்து இறந்துபோனாள். எனக்கும் அந்த வயதில் மகள் இருக்கிறாள். மனசு தாங்கவில்லை.

ஜூரோங் காசிம்:
இந்தியாவிலும் 2019இல் சட்டத் திருத்தம் வந்தாச்சு அக்கா. இப்படிச் சுட்டு மற்றவர்களுக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். நின்றுவிட்டதா? ஊர் வழக்கத்தைச் சட்டம் மாற்றாது.

யீஷூன் மாலதி:
இங்கே மாறியதே தம்பி! 1970 சீனப் புத்தாண்டில் பட்டாசால் 6 பேர் இறந்தார்கள். 1972இல் முழுத் தடை வந்தது. இப்போது எங்கள் புளோக் கீழே பிள்ளைகள் கம்பி மத்தாப்புதான் கொளுத்துகிறார்கள். தீபாவளி குறைந்தா போனது?

தேக்கா ரவி:
பட்டாசு வேறு, இது வேறு. அங்கே அது குடும்பத்தின் கௌரவம். டிசம்பரில் அவர் தம்பி கல்யாணம், எனக்கும் அழைப்பு வந்திருக்கிறது. விருந்தாளியாகப் போய்ப் பெரியவரைத் தடுக்க என்னால் முடியாது.

யீஷூன் மாலதி:
பெரியவரிடம் வேண்டாம். உங்களோடு வேலை செய்பவரிடம் சொல்லுங்கள், அண்ணே. அதே படத்தைக் காட்டி, அந்தக் குழந்தை யாருடையது என்று கேளுங்கள்.