கலைச்சொல்: 'ஃபோர்ஸ்டு ஸ்க்ரோலிங்' – 'வருகளம்' என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். 'கிரேடியஸ்' என்ற காணொளி விளையாட்டைப் பற்றி நான் எழுதிவரும் கட்டுரைக்காக, 'ஃபோர்ஸ்டு ஸ்க்ரோலிங்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று கேட்டிருந்தேன். பலரும் அக்கறையோடு விடை அனுப்பியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் அந்த விளையாட்டின் மேல் பொருத்திப் பார்த்தேன். ஒரு சொல் சரிதானா என்பதை அகராதியில் பார்ப்பதைவிட, அது குறிக்கும் பொருளின் மேல் வைத்துப் பார்ப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

விளையாடாதவர்களுக்காகச் சில வரிகள். கிரேடியஸ், ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1985இல், காசு போட்டு ஆடும் ஆர்கேட் கூடங்களுக்காக வெளியிட்ட விண்கலச் சுடுவிளையாட்டு. நம் கலத்தின் பெயர் விக் வைப்பர். திரையில் அதை எட்டுத் திசையிலும் நகர்த்தலாம். ஆனால் நாம் நகர்த்தினாலும் நகர்த்தாவிட்டாலும் வலப்புறத்திலிருந்து மலையும் பாறையும் பகைக்கலங்களும் வந்துகொண்டே இருக்கும். விசையைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாலும் மலை வந்து மோதும். இந்தத் தன்மைக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும்.

> ஸ்க்ரோல் பாருக்கு 'உருள்பட்டை' என்பது கணினித் தமிழில் வழங்குகிறது. ஆகவே இதைக் 'கட்டாய உருளல்' என்றே வைத்துவிடலாம்.

ஒருமை காக்க வேண்டும் என்ற உங்கள் நோக்கம் சரியானதே. ஆனால் உருள்பட்டையை உருட்டுவது நம் விரல். ஆவணம் எவ்வளவு நகர வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது வாசிப்பவரின் விருப்பம். ஜப்பானின் பழைய படச்சுருள்களான 'எமாகி'யும் அப்படித்தான். வாசிப்பவரே வலமிருந்து இடமாகக் கையளவு விரித்து, பார்த்து முடித்த பகுதியைச் சுருட்டிக்கொண்டு போவார். கிரேடியஸில் அந்த உரிமை ஆடுபவருக்குக் கிடையாது. கிடையாது என்பதே ஆட்டத்தின் உயிர். அதுவும் காசு போட்டு ஆடும் இயந்திரத்தில், ஆடுபவர் ஓரிடத்தில் தங்கி நேரம் கடத்த முடியாமல் செய்வதும் இதுதான்.

'கட்டாய' என்ற அடைமொழி இந்தக் குறையைச் சரிசெய்யும் என்பது உங்கள் கருத்து. ஜப்பானியரும் 'க்யோசெய் சுகுரோரு' என்கிறார்கள். 'க்யோசெய்' என்றால் கட்டாயம்தான். இருந்தும் தமிழில் 'கட்டாய உருளல்' என்று படிக்கும்போது, யாரோ ஒருவர் உருள வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டதுபோல் அல்லவா தோன்றுகிறது? கட்டாயக் கல்வி, கட்டாய விடுப்பு என்ற வரிசையில் போய் அது உட்கார்ந்துகொள்கிறது. இதற்கு நான் உடன்பட மாட்டேன்.

> 'பின்னணி நகர்வு' எளிமையாக இருக்கிறது, ஐயா. பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியும்.

எளிமைதான், அம்மா. ஆனால் நகர்வது பின்னணி அன்று. 1979இல் நாம்கோ வெளியிட்ட 'கேலக்சியன்' ஆட்டத்தில் விண்மீன்கள் திரையில் வழிந்துகொண்டிருக்கும். அவற்றில் எதுவும் மோதாது, அவற்றை எடுத்துவிட்டாலும் ஆட்டம் மாறாது. அதைப் பின்னணி நகர்வு என்று தாராளமாகச் சொல்லலாம். கிரேடியஸின் எரிமலையில் இறக்கை உரசினால் கலம் வெடித்துவிடும். 'மோவாய்' எனப்படும் ஈஸ்டர் தீவுக் கற்சிலைகள் வாயிலிருந்து வளையங்களை உமிழ்ந்து சுடும். கொல்லக்கூடிய ஒன்றை எப்படிப் பின்னணி என்பது? 'ஸீவியஸ்' ஆட்டத்தில் தரையில் நாம் மோதி இறப்பதில்லை. ஆனாலும் அங்குள்ள இலக்குகளைக் குறிபார்த்துக் குண்டு போட வேண்டும். அங்கும் தரை ஆட்டத்தின் பகுதிதான். ஆகவே சொல்லில் 'களம்' இருந்தே ஆக வேண்டும். நெல்லடிக்கும் இடத்துக்கும் போர் நடக்கும் இடத்துக்கும் நம் முன்னோர் பயன்படுத்திய சொல் அது. செயல் நிகழும் தரை என்ற பொருள் அதில் ஏற்கெனவே இருக்கிறது.

> அப்படியானால் 'ஓடுகளம்'. வினைத்தொகையாக இருப்பதால் மூன்று காலமும் அடங்கும்.

இந்தப் பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது, புலவர் ஐயா. 'ஓடு என்றால் கூரை ஓடு என்று படித்துவிட மாட்டார்களா' என்று வேறொருவர் கேட்டதற்கு நீங்கள் தந்த விடையும் அருமை. பெயர்ச்சொல்லாக இருந்தால் ஓட்டு வீடு என்பதுபோல் ஒற்று இரட்டித்து 'ஓட்டுக்களம்' என்றாகியிருக்கும். இரட்டிக்காததால் இது வினைதான்.

எனக்குத் தடை வேறிடத்தில். 'ஓடுபாதை' என்ற சொல் நாளேடுகளில் நிலைத்துவிட்டது. அங்கே ஓடுவது விமானம், பாதை அசைவதில்லை. அதே பழக்கத்தில் 'ஓடுகளம்' என்பதைப் படிப்பவர், வீரர்கள் ஓடும் மைதானம் என்றே எண்ணுவார். களமே ஓடுகிறது என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டிவரும்.

வினைத்தொகை என்ற உங்கள் வழியை விடாமல், வினையை மட்டும் மாற்றிப் பார்த்தேன். 'நகர்களம்' ஊரைக் காட்டுகிறது. 'செல்களம்' கைபேசியைக் காட்டுகிறது. 'வருகளம்' என்று சொல்லிப் பார்த்ததும் மனம் அதில் நின்றுவிட்டது.

நாட்டின் உறுப்புகளைச் சொல்லும்போது வள்ளுவர் 'வருபுனல்' என்கிறார் (குறள் 737). மலையிலிருந்து தானே இறங்கிவரும் ஆறு. அதை யாரும் இழுத்து வருவதில்லை. 'வருகளம்' என்பதிலும் அந்தத் 'தானே' இருக்கிறது. மேலும், 'வா' என்ற வினை, பேசுபவரை நோக்கிய இயக்கத்தைச் சொல்வது. ஓடுவது எங்கு வேண்டுமானாலும் ஓடலாம்; வருவது என்னை நோக்கித்தான் வரும். விக் வைப்பர் நின்ற இடத்தில் நிற்க, மலை அதை நோக்கி வருகிறது. 'கட்டாயம்' என்ற அடைமொழி சொல்ல முயன்றதை இந்த ஒரு வினையே சொல்லிவிடுகிறது.

கட்டுரையின் சில தொடர்களில் இட்டுப் பார்த்தேன். 'முதற்கட்டத்தின் முடிவில் இரட்டை எரிமலைகள் குமுறும்போது வருகளம் நின்றுவிடுகிறது.' 'கட்டத்தின் இறுதிப் பகைக்கலமான பிக் கோர் அழிந்ததும் வருகளம் மீண்டும் தொடங்குகிறது.' 1988இல் வந்த இரண்டாம் கிரேடியஸில் சுவர்கள் கண்மூடித் திறப்பதற்குள் பாய்ந்துவரும் கட்டம் ஒன்று உண்டு. அதை 'விரை வருகளம்' எனலாம். ஐரெம் நிறுவனத்தின் 'ஆர்-டைப்' (1987) ஆட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் மாபெரும் போர்க்கலம் ஒன்றே நிலப்பரப்புபோல் திரையை நிறைத்துக்கொண்டு வரும். அங்கே 'பகைக்கலமே வருகளம்' என்று எழுதும்போது ல, ள எழுத்துகளில் மட்டும் கவனம் தேவை. அச்சுப்பிழை ஒன்று பொருளையே புரட்டிவிடும்.

இதற்கு உறவான சொற்களையும் சேர்த்தே முடிவு செய்வது நல்லது. 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' (1978) போல அசையாத திரையில் நடப்பதற்கு 'நிலைத்திரை' போதும். 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தின் பெரும்பாலான கட்டங்களில், ஆடுபவர் நடந்தால் களமும் நகர்கிறது, நின்றால் நிற்கிறது. அதற்குத் 'தொடர்களம்'. இந்த வேறுபாட்டைக் காட்டவே தனிச்சொல் கேட்டேன்.

கலத்தின் வலிமையைக் கூட்டும் 'பவர்-அப்' என்பதற்கு 'வலுவூட்டி' எல்லோருக்கும் உடன்பாடு என்று தெரிகிறது. மேலே போவோம்.

'ஆப்ஷன்' மட்டும் இன்னும் தீரவில்லை. 'விருப்பத்தேர்வு' வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். ஒளிரும் முட்டைபோன்ற சிறு உருண்டை அது. கலம் போன தடத்திலேயே சற்றுப் பின்தங்கி வரும், கலம் நின்றால் தானும் நிற்கும், கலம் சுட்டால் கூடவே சுடும், பகைவர் குண்டு அதை ஒன்றும் செய்யாது. ஆர்கேட் வடிவில் நான்கு வரை சேர்க்கலாம். வளைந்து வளைந்து ஓட்டி அந்த நான்கையும் வேண்டிய இடத்தில் பரப்பி நிறுத்துவதில்தான் தேர்ந்த ஆட்டக்காரரின் கைத்திறன் தெரியும். திரையில் தெரியும் பெயராக 'ஆப்ஷன்' இருக்கட்டும். பொதுச்சொல்லாக 'உடன்சுடர்' என்று சொல்லிப் பார்க்கிறேன். உடன் ஒளிர்வது, உடன் சுடுவது என்ற இரண்டும் அதில் ஒலிக்கின்றன.

இனி எஞ்சியிருப்பது திசை. ஜப்பானியர் 'யோகோ' (பக்கவாட்டு), 'தாத்தே' (மேல்கீழ்) என்று இரண்டே அசைகளில் முடித்துவிடுகிறார்கள். கொனாமியின் 'சாலமண்டர்' (1986) ஆட்டத்தில் ஒரு கட்டம் பக்கவாட்டிலும் அடுத்தது மேலிருந்து கீழாகவும் மாறிமாறி வருவதால், நமக்கும் குறுகிய இணைச்சொற்கள் கட்டாயம் வேண்டும். கணிதப் பாடநூலின் 'கிடைமட்ட', 'செங்குத்து' இரண்டும் வருகளத்தோடு சேரும்போது நீளமாகிவிடுகின்றன. 'நெட்டோட்டம்' அழகான சொல், ஆனால் அதற்கு விரைந்தோடுதல் என்ற பொருள் முன்பே உண்டு. 'கிடைவரவு', 'மேல்வரவு' என்று வைத்தால் பொருந்துமா? இலக்கணம் அறிந்தவர்களும், இந்த ஆட்டங்களை ஆடியவர்களும் தங்கள் கருத்தை எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்.