பொருள்: 'நெட்' – கனச்சதுரத்தை வெட்டி விரித்தால் வரும் படத்துக்கு என்ன பெயர்?

சென்னை, திங்கள் காலை

அன்பர்களுக்கு வணக்கம்.

6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கான கணிதப் பயிற்சித்தாள்களின் அருஞ்சொல் பட்டியல் வெள்ளிக்கிழமை பக்க வடிவமைப்புக்குப் போகிறது. காரணி, மடங்கு, விகிதம், வீதம், கோவை, உறுப்பு, மாறி, மாறிலி எல்லாம் முடிந்துவிட்டன. தமிழ்நாட்டு வழக்கும் இலங்கை வழக்கும் பிரியும் இடங்களில் இரண்டையும் அருகருகே போட்டிருக்கிறோம்: பகா எண் – முதன்மை எண், கெழு – குணகம், முகடு – ஆகாரம், கர்ணம் – செம்பக்கம்.

சிக்கி நிற்பது ஒன்றுதான். கன உருவத்தைச் சில விளிம்புகளில் மட்டும் வெட்டி, துண்டாகப் பிரியாமல் தட்டையாகப் பரப்பினால் ஒரு படம் கிடைக்குமே, அது. ஆங்கிலத்தில் 'நெட்'. மொழிபெயர்த்தவர் 'வலை' என்று போட்டிருக்கிறார். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் வரைவைப் பார்த்த ஓர் ஆசிரியர் ஓரத்தில் குறித்திருப்பது: "'கனச்சதுரத்தின் வலையை வரைக' என்றால் பிள்ளைகள் 12 விளிம்புகளையும் கம்பிக்கூடாக வரைகிறார்கள். முகங்கள் காணாமல் போகின்றன." அடுத்த பாடம் புறப்பரப்பு. அங்கே வேண்டியது முகங்கள்தான்.

சொல் எப்படி இருக்க வேண்டும் என்றால், 11 வயதுப் பிள்ளைக்குப் பார்த்ததும் கை ஓட வேண்டும், 'இன்...ஐ வரைக' என்று வேற்றுமை உருபு இடறாமல் ஏற வேண்டும். பட்டியலில் உள்ள வேறு சொல்லோடு முட்டக்கூடாது.

மதுரை, திங்கள் மதியம்

'மடிபடம்' என்று வைக்கலாம். மடித்த படம், மடிக்கின்ற படம், மடிக்கும் படம் என மூன்று காலமும் கரந்து நிற்கும் வினைத்தொகை, ஊறுகாயும் சுடுசோறும் போல. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஆகவே யாரும் 'மடிப்படம்' என்று அச்சேற்றிவிட வேண்டாம். கூடவே மடிகோடு, வெட்டுகோடு என்று இரண்டு துணைச்சொற்களும் ஒரே வார்ப்பில் கிடைக்கின்றன. புள்ளிக்கோடு மடிகோடு, தொடர்கோடு வெட்டுகோடு.

தஞ்சாவூர், திங்கள் இரவு

> 'மடிபடம்' என்று வைக்கலாம்.

'மடி' என்றால் சோம்பல். மடியின்மை என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். மடி என்றால் சாவு, மடி என்றால் ஆசாரம், இருமடி மும்மடி என்றால் பெருக்கம். பட்டியலில் 'மடங்கு' வேறு உட்கார்ந்திருக்கிறது. ஒரு வேருக்கு இவ்வளவு சுமை ஏன்?

வலையையே வைத்துக்கொள்ளலாம். வல், வள், வளை எல்லாம் சூழ்தல் பொருள் தரும் வேர்கள் என்பார் உண்டு. வலை சூழ்ந்து பிடிப்பது, வளையல் கையைச் சூழ்வது, வளாகம் நிலத்தைச் சூழ்வது. தாளும் உருவத்தைச் சூழத்தானே போகிறது? ஆங்கிலத்தைப் பார்த்துப் பெயர்த்தவர் அறியாமலே சரியான வேரில் கை வைத்திருக்கிறார்.

மாற்ற வேண்டியது 'கனச்சதுரம்'. கனமும் வடமொழி, சதுரமும் வடமொழி. கோணம் பற்றிக் கவலை இல்லை, அது நம் 'கோண்' வழி வந்தது என்பார் உண்டு.

பி.கு. பட்டியலில் உறுப்பும் கெழுவும் அடுத்தடுத்து நிற்பதைக் கண்டு மகிழ்ந்தேன். 'நட்பிற் குறுப்புக் கெழுதகைமை' என்று 802ஆம் குறளிலும் அடுத்தடுத்துத்தான் நிற்கின்றன. உறுப்போடு கெழுமி நிற்பது கெழு. குணகத்தில் இந்தச் சுவை உண்டா?

யாழ்ப்பாணம், செவ்வாய் காலை

குணகத்தில் சுவை இல்லாவிட்டாலும் எங்கள் பிள்ளைகள் அதைக்கொண்டு கணக்குச் செய்கிறார்கள், ஐயா. கனச்சதுரம் பிடிக்காவிட்டால் நாங்கள் பாவிக்கும் 'சதுரமுகி'யை எடுத்துக்கொள்ளுங்கள். முகங்களைக் கொண்டு பெயர் வைக்கும் முறை அது. சதுரமுகி என்றால் சதுர முகம், நான்முகி என்றால் நான்கு முகம். (சதுரமும் முகமும் எங்கிருந்து வந்தவை என்று இன்னொரு மடல் வரும், தெரியும்.)

'வலை' பற்றி: இங்கே கரையோரப் பிள்ளைகளுக்கு வீச்சுவலை நன்றாகத் தெரியும். 'வீச்சு' ஏற்கெனவே புள்ளிவிபரவியலில் இருக்கிறது. வலையும் வந்தால் வகுப்போடு கடலுக்கே போய்விடலாம்.

நான் சொல்வது 'விரியுரு'. விரித்தால் வரும் உரு. விரியுருவை வரைக, விரியுருவின் பரப்பளவு காண்க, உருபு இடறவில்லை.

கோவை, செவ்வாய் மாலை

வேர்களை விட்டுவிட்டுப் பயிற்சித்தாளைப் பார்ப்போம். அதில் கனச்சதுரம் மட்டும் இல்லை, உருளையும் கூம்பும் உள்ளன.

உருளையில் மடிகோடே கிடையாது. பக்கப்பரப்பு ஒரு செவ்வகம். அதைச் சுருட்ட வேண்டும், மடிக்கக்கூடாது. கூம்பில் ஒரு வட்டக்கோணப்பகுதியைச் சுருட்ட வேண்டும். அடி ஆரம் 3 செ.மீ., சாயுயரம் 9 செ.மீ. என்றால் மையக்கோணம் 360 × 3/9 = 120 பாகை. இதற்குப் பதில் முக்கோணத்தை வெட்டிச் சுருட்டினால் கீழ்விளிம்பு ஒரே மட்டத்தில் நிற்காது. ஆக 'மடிபடம்' பாதி உருவங்களுக்குத்தான் பொருந்தும். மடிக்கச் சொல்லும் சொல்லைக் கண்டு பிள்ளை உருளையின் செவ்வகத்தை நான்காக மடித்தால், கிடைப்பது பட்டகம்.

'விரி' இரண்டுக்கும் பொருந்துகிறது. முட்டல் மூன்று இடத்தில். விரிதாள் ஏற்கெனவே கணினியில் குடியேறிவிட்டது. விரிப்பு பாய்மேல் கிடக்கிறது. விரிவு, விரிவாக்கம் இரண்டும் (a + b)² வகையறாவுக்குப் போய்விட்டன, அதுவும் இதே 8ஆம் வகுப்பில். விரியுரு இவற்றிலிருந்து தப்புகிறது என்பது உண்மை. ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'விரிவுரை'க்கும் அதற்கும் கடைசி வரிசையில் வேறுபாடு கேட்காது.

இன்னொன்று: வரைவில் உள்ள உருளையின் ஆரம் 3.5 செ.மீ., உயரம் 10 செ.மீ. செவ்வகம் 22 × 10. மேலும் கீழும் 7 செ.மீ. விட்டமுள்ள வட்டங்கள் ஒட்டி நிற்க வேண்டும், ஆக மொத்த உயரம் 24. ஏ4 தாளைக் குறுக்கே வைத்தால் 29.7 × 21தான். கொள்ளாது. உயரத்தை 5 செ.மீ. ஆக்குங்கள். மொத்தம் 19, அச்சு விளிம்புக்கும் இடம் கிடைக்கும். விடையில் பக்கப்பரப்பு 110, வட்டங்கள் 77, மொத்தம் 187 சதுர செ.மீ. என்று மாற்றவும்.

சிவகாசி, புதன் காலை

அட்டைப்பெட்டித் தொழிலில் மடிக்குமுன் தட்டையாக இருப்பதற்குப் 'பிளாங்க்' என்று பெயர். வெட்டுவது 'டை', மடிப்புத் தடம் போடுவது 'கிரீசிங்'. இவை பிள்ளைகளுக்கு உதவாது. உதவுவது ஒன்று உண்டு. தடம் போடாமல் மடித்தால் விளிம்பு பிசகும். மை தீர்ந்த பேனா முனையை அளவுகோல் வைத்து அழுத்தி இழுத்துவிட்டு மடிக்கச் சொல்லுங்கள். சாதாரண அச்சுத்தாள் தொய்யும், சார்ட் அட்டை நல்லது.

ஒட்டுவதற்கு விடும் நீட்சிக்கும் பட்டியலில் சொல் இல்லை. கனச்சதுரத்துக்கு 12 விளிம்பு. விரித்த படத்தில் 5 விளிம்பு மடிப்பாக ஒட்டியே இருக்கும், 7 விளிம்பு வெட்டுப்பட்டிருக்கும். ஆக நீட்சி 7 போதும். வெளிவிளிம்பு 14 இருக்கிறதே என்று 14 இடத்திலும் நீட்சி விட்டால், ஒட்டும்போது நீட்சிமேல் நீட்சி வந்து பெட்டி உப்பிவிடும். 'ஒட்டுமடல்' என்று வைக்கலாமா? அதைப் பரப்பளவில் சேர்க்கக்கூடாது என்று தாளிலேயே ஒரு வரி போடுங்கள். 5 செ.மீ. கனச்சதுரத்துக்கு விடை 150 சதுர செ.மீ.; மடலையும் சேர்த்துக் கூட்டுபவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

மதுரை, புதன் மதியம்

உருளை வாதத்தை ஏற்கிறேன், மடிபடத்தை விட்டுவிடுகிறேன். மடிகோடு, வெட்டுகோடு, ஒட்டுமடல் மூன்றையும் விட மாட்டேன்.

பிற மொழிகள் என்ன செய்கின்றன? ஜெர்மானியர் 'நெட்ஸ்' என்று வலையைத்தான் சொல்கிறார்கள். ஆல்பிரெக்ட் டியூரர் 1525இல் வெளியிட்ட அளவியல் நூலில் கன உருவங்களை இப்படி விரித்து வரைந்திருக்கிறார். பிரெஞ்சுக்காரர் 'பத்ரோன்' என்கிறார்கள். அது தையற்காரர் துணி வெட்ட வைக்கும் மாதிரியின் பெயர். ஸ்பானியர் சொல் விரித்தல் பொருளது. மூன்று மொழி, மூன்று வழி. நாம் இரண்டைச் சேர்த்து 'விரிவலை' என்றால் என்ன? இதுவும் வினைத்தொகைதான். வேறு புத்தகத்தில் 'வலை' என்று படித்த பிள்ளைக்கும் அடையாளம் தெரியும்.

யாழ்ப்பாணம், புதன் இரவு

விரித்த வலை என்றால் இங்கே மீன் படுகிற வலைதான். கண்ணும் கயிறும் போகவில்லை, கடலில் பரப்பிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

தஞ்சாவூர், வியாழன் அதிகாலை

தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்று தொல்காப்பிய மரபியல் வழிநூலுக்கு வகை சொல்கிறது. கன உருவம் தொகை. தட்டைப்படம் விரி. 'சதுரமுகியின் விரி' என்று ஈரெழுத்தில் முடியவேண்டியதை ஏன் நீட்டுகிறீர்கள்? பெயராகவே வழங்கிய சொல் அது.

கோவை, வியாழன் காலை

'விரியை வரைக' என்றால் அச்சுப்பிழை என்று நினைத்துப் பாதிப் பேர் 'விழியை' வரைந்து கொடுப்பார்கள்.

சென்னை, வியாழன் மாலை

நாளை அனுப்பியாக வேண்டும். கணக்கெடுத்ததில் விரிவலைக்கு ஐந்து பேர், வலைக்கு மூன்று பேர், விரியுருவுக்கு இரண்டு பேர், விரிக்கு ஒருவர். விரிவலை போகிறது. அருஞ்சொல் பட்டியலில் 'வலை என்றும் வழங்கும்' என்ற குறிப்புடன், விளக்கம் இப்படி: 'கன உருவத்தின் எல்லா முகங்களும் ஒரே தளத்தில் இணைந்து கிடக்கும் படம், மடித்தோ சுருட்டியோ ஒட்டினால் அந்த உருவம் கிடைக்கும்.' பக்கத்தில் கம்பிக்கூட்டின் படத்தைப் போட்டு, குறுக்கே கோடு அடித்து, 'இது விரிவலை அன்று' என்று எழுதுகிறோம். ஒட்டுமடல் ஏற்கப்பட்டது. உருளை அளவு திருத்தப்பட்டது. கனச்சதுரம் – சதுரமுகி இரண்டும் இருக்கும்.

யாழ்ப்பாணம், வியாழன் இரவு

பெரும்பான்மைக்கு விடுகிறேன். இலங்கைப் பத்தியில் விரியுரு என்று போடச் சொல்லி என் கோரிக்கை பதிவில் இருக்கட்டும். அங்கே வழக்கு வேறு என்பதற்குத்தானே அந்தப் பத்தி?

தஞ்சாவூர், வியாழன் இரவு

வழக்கு என்பது வழங்கியது. நேற்றுப் படைத்தது எப்படி வழக்காகும்?

கோவை, வெள்ளி காலை

அனுப்பிவிட்டீர்களா? 7ஆம் வினாவைப் பாருங்கள். 'பின்வருவனவற்றுள் கனச்சதுரத்தின் விரிவலைகள் யாவை?' ஆறு சதுரங்களை விளிம்போடு விளிம்பு சேர்த்து 35 விதமாக அடுக்கலாம். மடித்தால் கனச்சதுரம் ஆவது 11தான். நான்கு சதுரம் ஒரே வரிசையில் நின்றால் மீதி இரண்டும் ஆளுக்கொரு பக்கமாக நிற்க வேண்டும். (ஈ) படத்தில் இரண்டும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. மடித்தால் ஒரு முகம் இரட்டையாக மூடும், எதிர்முகம் திறந்தே கிடக்கும். விடைத்தாளில் (ஈ) சரி என்று இருக்கிறது. படம் தவறா, விடை தவறா?