சுண்ணாம்புச் சுவரில் மண்டிய படர்கொடியைச் சேதமின்றி எடுப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். கும்பகோணத்தில் எங்கள் தாத்தா கட்டிய வீட்டின் மேற்குச் சுவரில், வெயிலின் சூடு தணியட்டும் என்று 9 ஆண்டுகளுக்கு முன் நட்ட ஃபைகஸ் பூமிலா கொடி, இப்போது கைப்பிடிச் சுவரையும் தாண்டி மழைநீர்க் குழாயின் பின்புறமெல்லாம் மண்டிவிட்டது. உள்ளறையில் ஓதம் ஏறிப் பூச்சு பொரிந்து உதிர்கிறது. சென்ற ஞாயிறன்று ஒரு முழம் கொடியைப் பிடித்து இழுத்தேன். அதனோடு உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சும் பெயர்ந்து, செங்கல் தெரிந்துவிட்டது. வேரில் ஆசிட் ஊற்றினால் போதும் என்கிறார் தெரிந்த ஒருவர். என்ன செய்வது?

மறுமொழி 1:
ஐயா, ஆசிட் மட்டும் வேண்டாம். அது சுண்ணாம்பையே கரைத்துவிடும். பச்சையாக இருக்கும்போது கொடியை இழுக்கவும் கூடாது. தண்டிலிருந்து கிளம்பும் சிறு வேர்கள் பசை போன்ற பாலைச் சுரந்து பூச்சைப் பற்றிக்கொள்வதால், இழுக்கும் விசை முழுவதும் பூச்சின் மேல்தான் விழுகிறது. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் எல்லாத் தண்டுகளையும் அறுத்து, அதற்கு மேல் இன்னோர் அடி நீளத்தையும் வெட்டி எடுத்துவிடுங்கள். இலைகள் சருகாகும் வரை சில வாரம் பொறுத்திருந்து, பிறகு மேலிருந்து கீழாக, பட்டித் தகட்டை (சுவரில் பட்டி பூசும் தட்டையான தகடு) தண்டுக்கும் சுவருக்கும் இடையில் படுக்கையாகச் செலுத்திச் சிறு சிறு துண்டுகளாகப் பெயர்த்தெடுக்க வேண்டும். வெட்டும்போது வடியும் பால் தோலில் அரிப்பை உண்டாக்கும் என்பதால் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அவசியம்.

மறுமொழி 2:
எங்கள் வீட்டிலும் இதே கொடிதான், அண்ணா. முற்றிய கொடி சுவரை விட்டு வெளியே நீட்டும் தடித்த கிளைகளில் இலை பெரிதாகி, காயும் பிடிக்கும். அந்தக் கிளைகளை முதலில் கழித்துவிட்டால் பாரம் குறையும். உள்ளே குளவிக்கூடோ குருவிக்கூடோ இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். குஞ்சுகள் இருந்தால் அவை பறக்கும் வரை தயவுசெய்து காத்திருங்கள். தண்டு போன பிறகும் பூரான் கால்களைப் போல வரிவரியாக வேர்த்தடம் ஒட்டியிருக்கும். கம்பி பிரஷ் சுண்ணாம்பைச் சுரண்டிவிடும்; தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, நைலான் பிரஷால் மெல்லத் தேய்ப்பதே நல்லது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அடிக்கட்டை மீண்டும் துளிர்க்காதா? பெயர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசலாமா?

மறுமொழி 1:
கட்டையைத் தோண்டி எடுப்பதே உறுதியான வழி. அஸ்திவாரத்தை ஒட்டியிருந்தால் ஆழமாகத் தோண்டாமல், துளிரைப் பார்த்த அன்றே கிள்ளிக்கொண்டிருங்கள்; வேரில் சேமித்த உணவு தீர்ந்ததும் அது ஓய்ந்துவிடும். களைக்கொல்லியை நீங்களே வாங்கித் தடவ நினைக்க வேண்டாம். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022இல் ஆணை பிறப்பித்திருக்கிறது.

சிமெண்ட் கூடவே கூடாது. அது ஈரத்தை வெளியே விடாமல் உள்ளே அடைத்துவிடுவதால், ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றியுள்ள பழைய பூச்சும் வரிசையாக உதிரும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பும் மணலும் குழைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் உங்கள் பக்கத்தில் இன்னும் இருப்பார்கள், தேடிப் பிடியுங்கள். மாசி, பங்குனி வெயிலில் சுவர் நன்றாக உலர்ந்த பிறகே பூச்சு வேலை. மேலே எமல்ஷன் பெயிண்ட் அடிக்காமல் வெள்ளையடியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
தண்டுகளை இன்று காலை அறுத்துவிட்டேன். குழாய்க்குப் பின்னால் இருந்தது என் மணிக்கட்டுப் பருமன். கூடு எதுவும் இல்லை. இலை சருகானதும் படத்துடன் எழுதுகிறேன்.