பனிக்கட்டி உருகும்போது வெப்பநிலை ஏன் ஏறுவதில்லை?

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு மாணவியின் அம்மா):
மகளுக்கு இப்போது உள்ளுறை வெப்பம் பாடம் நடக்கிறது. ஐஸை அடுப்பில் வைத்தால் கடைசித் துண்டு உருகும் வரை வெப்பமானி 0 டிகிரியிலேயே நிற்கும் என்கிறது புத்தகம். "அடுப்பு எரிந்துகொண்டுதானே இருக்கிறது, அந்தச் சூடெல்லாம் எங்கே போகிறது?" என்று கேட்கிறாள். நிலை மாறப் பயன்படுகிறது என்றேன். "பயன்படுகிறது என்றால்?" என்கிறாள். எப்படிப் புரிய வைப்பது?

பதில் (இயற்பியல் ஆசிரியர்):
அருமையான கேள்வி, அவளை விடாமல் கேட்கச் சொல்லுங்கள். வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றுதான் என்று நினைப்பதில்தான் குழப்பமே. மூலக்கூறுகள் எவ்வளவு வேகமாக அசைகின்றன என்பதைத்தான் வெப்பமானி காட்டுகிறது. பனிக்கட்டியில் அவை ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. உருகும் நேரத்தில் கொடுக்கும் வெப்பம் முழுக்க அந்தப் பிடியைத் தளர்த்தவே போய்விடுகிறது. இதைத்தான் உள்ளுறை வெப்பம் என்கிறோம். வேகம் கூடவில்லை, வெப்பமானியும் ஏறவில்லை. ஆற்றல் எங்கும் தொலைந்துவிடவில்லை. தண்ணீர் மறுபடி உறையும்போது அத்தனையும் வெளியே வந்துவிடும்.

ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேண்டும். அதே வெப்பத்தை 0 டிகிரியில் உள்ள ஒரு கிலோ தண்ணீருக்குக் கொடுத்தால் அது சுமார் 80 டிகிரிக்குப் போய்விடும், கை வைக்க முடியாது. இதைச் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஜோசப் பிளாக் கதையையும் சொல்லுங்கள். 1760களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இருந்த விஞ்ஞானி. ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் பனிக்கட்டி, மற்றதில் உறைநிலையை ஒட்டிய தண்ணீர். இரண்டையும் ஒரு பெரிய கூடத்தில் தொங்கவிட்டார். அடுப்பு கிடையாது, கூடத்துக் காற்றின் சூடு மட்டும்தான். தண்ணீர் 33 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 40க்கு வர அரை மணி நேரம் ஆனது. பனிக்கட்டி உருகி அதே 40க்கு வரப் பத்தரை மணி நேரம்! வெறும் கடிகாரத்தை வைத்தே உள்ளுறை வெப்பத்தை அளந்துவிட்டார். அவர் கணக்கு இன்றைய மதிப்புக்கு மிக அருகில் வருகிறது.

பதில் (டியூஷன் எடுப்பவர்):
ஒரு கணக்கும் போட்டுப் பார்க்கட்டும். 60 டிகிரியில் 200 கிராம் தண்ணீர், அதில் 0 டிகிரியில் 100 கிராம் ஐஸ். உள்ளுறை வெப்பத்தை விட்டுவிட்டால் விடை 40 டிகிரி. சேர்த்துக்கொண்டால்: தண்ணீர் 0 வரை குளிர்ந்தால் தரக்கூடியது 50.4 கிலோஜூல், ஐஸ் உருக 33.4 போனால் மிச்சம் 17. அது 300 கிராம் தண்ணீரையும் சேர்த்துச் சூடாக்க வேண்டும், விடை 13.5 டிகிரிதான். பரீட்சையில் அதிகம் பேர் மதிப்பெண்ணை விடுவது இங்கேதான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா, இப்போது எனக்கே புரிகிறது. அடுத்த கேள்வியும் வந்துவிட்டது. இட்லிப் பானையில் தண்ணீரும் 100 டிகிரி, ஆவியும் 100 டிகிரி. ஆவி பட்டால் மட்டும் ஏன் அதிகமாகப் புண்ணாகிறது?

பதில் (இயற்பியல் ஆசிரியர்):
அதுவும் இதே கதைதான். ஒரு கிராம் கொதிநீர் 37 டிகிரிக்கு ஆறும்போது தோலுக்குத் தருவது சுமார் 265 ஜூல். ஒரு கிராம் ஆவியோ தண்ணீராக மாறும்போதே 2260 ஜூலைக் கொட்டிவிடும், அப்புறம் அந்த 265ம் தனி. இட்லி வேகிறதே, அதுவும் இந்த 2260ஆல்தான்: ஆவி மாவின் மேல் பட்டுத் தண்ணீராகும்போது வெப்பத்தை அங்கேயே விட்டுவிடுகிறது. தண்ணீர் கொதித்த பிறகு தீயைக் கூட்டினாலும் அது 100ஐத் தாண்டாது, சீக்கிரம் வற்றும், அவ்வளவுதான். மகள் மூடியைத் திறப்பதாக இருந்தால் முகத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறக்கச் சொல்லுங்கள்.